விளக்கடியில் விழும் தேனீ

பினாங்கின் ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் ஐந்தடிப் பாதையில், விடியற்காலையில் கடை திறப்பவர் முதலில் கையில் எடுப்பது துடைப்பம். ராத்திரி முழுக்க எரிந்த குழல்விளக்குக்கு நேர்கீழே சில நாட்களில் ஐந்தாறு தேனீக்கள் கிடக்கும். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்று நீளம். சில செத்து விறைத்திருக்கும், சில இன்னும் காலை உதறிக்கொண்டிருக்கும். இவை மலைத்தேனீக்கள். நிலா வெளிச்சத்திலும் பறந்து தேன் எடுக்கத் தெரிந்த இனம். மின்விளக்கு இதைக் குழப்பிவிடுகிறது. சுற்றிச் சுற்றிக் களைத்து விழுந்ததைத் துடைப்பம் சாக்கடைக்குத் தள்ளிவிடுகிறது.

காட்டுத் தேனீக்களின் ஒட்டுண்ணிகளையும் நோய்களையும் ஆராய்பவர் அந்தத் துடைப்பத்தை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்வார். மரம் ஏறாமல், கொட்டு வாங்காமல் கிடைத்த மாதிரி அல்லவா! ஆனால் அதைக் குப்பியில் போடும்போதே அவருக்குச் சந்தேகம் தொடங்கும். நல்ல தேனீக்கள் கூடு திரும்பி, நோயாளிகள் மட்டும் விளக்கடியில் விழுந்தனவா? மேலே ஒட்டியிருந்த உண்ணி, தேனீ செத்ததும் இறங்கிப் போய்விட்டதா? இந்த ஊர் வெக்கையில் உடம்புக்குள் இருந்த வைரஸின் சுவடு விடிவதற்குள் சிதைந்துவிட்டதா?

காட்டுத் தேனீயிடம் நோய் தேடும் துறை முழுவதும் இந்த மூன்று சந்தேகங்களுக்குள் அடங்கிவிடும். யாரிடமிருந்து எடுத்தோம், எந்த நிலையில் எடுத்தோம், எடுத்ததை எப்படிக் காத்தோம் என்பவை தெரியாவிட்டால், ஆய்வகம் தரும் விடைக்கு மதிப்பில்லை. பினாங்கு போன்ற ஊரில் நாலாவது கேள்வி ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. அது, எப்போது எடுத்தோம் என்பது.

பினாங்கின் தேனீக்கள்

தேனீ நோய் பற்றிய நூல்களில் பெரும்பகுதி ஓர் இனத்தைச் சுற்றியே எழுதப்பட்டது: மரப்பெட்டியில் வளரும் ஐரோப்பியத் தேனீ. மலேசியாவில் அது வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட விருந்தாளி. மண்ணின் தேனீக்கள் வேறு.

தூங்குமூஞ்சி மரக்கிளையிலும் அடுக்குமாடியின் விளிம்பிலும் ஒற்றை அடையைத் திறந்தவெளியில் தொங்கவிடுவது மலைத்தேனீ. சுவர்ப் பொந்திலும் கூரை இடுக்கிலும் பல அடைகளை வரிசையாகக் கட்டுவது ஆசியத் தேனீ, தமிழ்நாட்டில் அடுக்குத்தேனீ எனப்படுவதன் உறவு. புதரில் உள்ளங்கையளவு அடை கட்டும் சிறுதேனீக்கள் உண்டு. கொடுக்கில்லாத கொசுத்தேனீயை மலாயில் கெலுலுட் என்பார்கள். மரப்பிசினால் குழல்போல் வாசல் கட்டி, அதற்கு ஒரு காவல்படையும் வைத்திருக்கும். கூட்டமாக வாழாமல் பழைய மர விட்டத்தைத் துளைத்துத் தனிக்குடித்தனம் நடத்துவது கருவண்டு.

இவற்றுக்கெல்லாம் மேலே, கொடிமலை என்று நாம் அழைக்கும் பினாங்கு மலை இருக்கிறது. 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. நிலமும் கடலுமாக அதன் பரப்பு 12,481 ஹெக்டேர். தாவரவியல் பூங்கா, தண்ணீர்மலை முருகன் கோயில், அடுக்குமாடிகள், சந்தை என்று நகரம் காட்டின் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. காலையில் காட்டுப்பூவில் அமர்ந்த தேனீ மதியம் வீட்டுத் தொட்டிச் செடியில் அமர்வதற்குத் தடையேதுமில்லை. எனவே காட்டுத் தேனீ, நகரத் தேனீ என்ற பிரிவினை ஆய்வாளரின் குறிப்பேட்டில்தான் உண்டு. ஒட்டுண்ணிக்கு அது கிடையாது.

ஜாவாவிலிருந்து வந்த உண்ணி

மாதிரி எடுப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு வரோவா உண்ணியின் கதையைவிட நல்ல சான்று இல்லை. ஜாவாவில் எட்வர்ட் ஜேக்கப்சன் என்பவர் ஆசியத் தேனீயின் கூட்டிலிருந்து சேகரித்த செந்நிற உண்ணியை, 1904இல் ஓடமன்ஸ் என்ற டச்சு அறிஞர் விவரித்து, வரோவா ஜேக்கப்சோனி என்று பெயரிட்டார். அரை நூற்றாண்டு காலம் அது யாருக்கும் தொந்தரவு தராத ஒரு பெயராகவே இருந்தது.

பிறகு ஐரோப்பியத் தேனீப் பெட்டிகளில் அதே தோற்றமுள்ள உண்ணி பரவி, கண்டம் கண்டமாகப் பெட்டிகளைக் காலிசெய்தது. உலகம் அதையும் ஜேக்கப்சோனி என்றே அழைத்தது. ஆனால் ஜாவாவிலும் பாப்புவா நியூ கினியிலும் ஐரோப்பியத் தேனீக் கூட்டில் நுழைந்த உண்ணிகள் பெருகவே இல்லை. ஒரே உண்ணி ஓரிடத்தில் கொலைகாரனாகவும் இன்னோரிடத்தில் மலடாகவும் இருப்பது எப்படி? டெனிஸ் ஆண்டர்சனும் ஜான் ட்ரூமனும் ஆசியா முழுவதும் ஆசியத் தேனீக் கூடுகளிலிருந்து உண்ணிகளைச் சேகரித்து, உடல் அளவையும் மரபணுவையும் ஒப்பிட்டு, 2000இல் விடை சொன்னார்கள். அவை இரண்டு இனங்கள். மலேசிய, இந்தோனேசிய நிலப்பரப்பில் ஆசியத் தேனீயோடு வாழ்வதே ஜேக்கப்சோனி. உலகை அலைக்கழித்தது ஆசியப் பெருநிலத்திலிருந்து கிளம்பிய, உடலளவில் சற்றுப் பெரிய வேறோர் இனம். அதற்கு வரோவா டெஸ்ட்ரக்டர் என்று பெயர் வைத்தார்கள்.

பல பத்தாண்டுகளாக ஆயிரக்கணக்கான கட்டுரைகள் தவறான பெயரில் எழுதப்பட்டிருந்தன. உலகம் நோயுற்ற பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது. உண்ணியின் தாய்வீடான ஆசியத் தேனீக் கூட்டை முறையாகத் திறந்து பார்க்க அத்தனை காலம் ஆயிற்று.

கதை அதோடும் முடியவில்லை. பெருகாது என்று நம்பப்பட்ட ஜேக்கப்சோனி, 2008இல் பாப்புவா நியூ கினியில் ஐரோப்பியத் தேனீயிடமும் பெருகுவது கண்டுபிடிக்கப்பட்டது. 2016இல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் துறைமுகத்தில் ஆசியத் தேனீக் கூடு ஒன்றில் அதே உண்ணி இருந்தது. 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்தில் டெஸ்ட்ரக்டர் பிடிபட்டது. தேனீயும் உண்ணியும் கப்பலேறும். துறைமுக ஊரான பினாங்குக்கு இது தூரத்துச் செய்தியாக இருக்க முடியாது.

எங்கே தேடினால் கிடைக்கும்

ஒட்டுண்ணி ஒவ்வொன்றுக்கும் தேனீயின் வாழ்வில் ஓர் இடமும் பருவமும் உண்டு. அதை விட்டு வேறிடத்தில் தேடினால், இருந்தும் கிடைக்காது.

ஆசியத் தேனீயிடம் வரோவா பெருகுவது பெரும்பாலும் ஆண் தேனீப் புழு வளரும் அறைகளில். பணித்தேனீக்களை மட்டும் வலையில் பிடித்துப் பார்ப்பவர் கூடு சுத்தம் என்று எழுதிவிடக்கூடும். ஆண் புழு வளராத பருவத்தில் போனாலும் அப்படித்தான். இது தற்செயலாக அமைந்ததல்ல. ஆசியத் தேனீக்கள் ஒன்றின் உடம்பை ஒன்று மேய்ந்து உண்ணியைப் பிடித்து எறிகின்றன. உண்ணி மிகுந்த ஆண் புழு அறையைத் திறக்காமலே மூடிப் புதைத்துவிடுகின்றன. நீண்டகாலம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு உயிர்களின் உடன்பாடு இது.

மலைத்தேனீயோடு வாழ்வது ட்ரோபிலேலாப்ஸ். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளம், அடையின் மேல் எறும்பைப் போல விரைந்து ஓடும். இந்த வகையின் முதல் இனம் 1961இல் பிலிப்பைன்ஸிலிருந்து விவரிக்கப்பட்டது. இன்னோர் இனம் 1982இல் இலங்கை மலைத்தேனீயிடமிருந்து விவரிக்கப்பட்டு, தேனீ ஆய்வாளர் கோனிகரின் பெயரைப் பெற்றது. வளர்ந்த தேனீயின் உடம்பைத் துளைத்து உண்ண இதனால் முடியாது. புழு இல்லாவிட்டால் சில நாளில் சாகும். மலைத்தேனீயோ பூக்காலம் முடிந்ததும் அடையை அப்படியே விட்டுவிட்டு ஊர்மாறும் இனம். புழுவற்ற அந்தப் பயண நாட்களில் உண்ணிகளின் கூட்டம் கரைந்துவிடுகிறது. எனவே விளக்கடியில் விழுந்த நூறு மலைத்தேனீக்களில் ட்ரோபிலேலாப்ஸ் ஒன்றுகூட இல்லை என்பதிலிருந்து ஒன்றும் தெரியாது. புழு அடை வேண்டும்.

அந்த அடை இருப்பதோ மரத்தின் உச்சியில். கெடாவின் பெடு ஏரிப் பக்கத்துக் காடுகளில் துவாலாங் மரம் எண்பது மீட்டர் வரை வளரும். தேன் எடுப்பவர்கள் நிலவில்லாத இரவில் ஏறி, தீப்பந்தத்தைக் கிளையில் தட்டுவார்கள். பொறி கீழே கொட்டும்போது தேனீக்கள் அதைத் துரத்திக்கொண்டு இறங்கும். அந்த இடைவெளியில் அடை அறுபடும். தேனடையைக் கூடையில் இறக்கும்போதே புழு அடையில் ஒரு கைப்பிடியை ஆய்வாளருக்கு ஒதுக்கச் சொன்னால், தனியாக ஒரு கூட்டை அழிக்க வேண்டியதில்லை. மலைத்தேனீ ஆய்வில் தேன் எடுப்பவரை வழிகாட்டி என்று மட்டும் குறிப்பிடுவது குறைவு. கூட்டின் வயது, வந்த மாதம், போன வருடம் அதே கிளையில் இருந்ததா என்ற தகவல்கள் அவரிடம்தான் இருக்கின்றன.

உண்ணி என்றாலே பகை என்றும் எண்ணிவிடக் கூடாது. பெரிய கருவண்டு இனங்களில் பெண்ணுடைய வயிற்றின் முதல் கணுவில் சிறு பை ஒன்று உண்டு. அதைத் திறந்தால் வெளிறிய உண்ணிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். 1899இல் பெர்கின்ஸ் என்ற ஆய்வாளர் இந்த அறையைப் பற்றி எழுதினார். உண்ணியைச் சுமப்பதற்கென்றே உடம்பில் ஓர் அறை இருக்கிறது. பகைவனுக்கு யார் அறை கட்டிக் கொடுப்பார்? கருவண்டிடம் உண்ணி கண்டேன் என்று எண்ணிக்கையை மட்டும் நோய்ப் பட்டியலில் ஏற்றுபவர், விருந்தாளியைத் திருடன் என்று எழுதிவிடுகிறார்.

எடுக்கும் கை

முறைகள் பல, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை உண்டு. பூவில் அமர்ந்த தேனீயைப் பூச்சிவலையால் பிடிப்பது பழைய வழி. எந்தப் பூவில், எத்தனை மணிக்கு என்பது கூடவே பதிவாகும். ஆனால் வலை வீசுபவரின் கைப்பழக்கத்தையும் கண்ணையும் பொறுத்தே கணக்கு அமையும். மஞ்சள், வெள்ளை, நீல நிறக் கிண்ணங்களில் சோப்புத் தண்ணீர் வைப்பது இன்னொரு வழி. என்னென்ன இனங்கள் உள்ளன என்று அறிய இது போதும். நோய் ஆய்வுக்கு ஆகாது: பத்துத் தேனீக்கள் ஒரே தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறினால் ஒன்றின் வைரஸ் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். பினாங்கில் மதிய மழை வேறு கிண்ணத்தை நிரப்பி வழியவிடும். கெலுலுட் கூட்டில் வேலை எளிது. குழல் வாசலில் ஒரு பிளாஸ்டிக் பையைச் செருகினால் வெளியே வருபவை தாமாக உள்ளே வரும். கொட்டும் பயமும் இல்லை.

பெட்டித் தேனீயிடம் வரோவாவை எண்ண ஏறத்தாழ முந்நூறு தேனீக்களை, அதாவது அரைக் கோப்பையை, மாச்சர்க்கரையில் உருட்டி உதறுவார்கள். உண்ணி உதிரும், தேனீ உயிரோடு கூடு திரும்பும். ஆல்கஹாலில் கழுவினால் எண்ணிக்கை துல்லியம், தேனீ பிழைக்காது. நோசிமா என்ற குடல் ஒட்டுண்ணிக்கு நடுக்குடலை அரைத்து நுண்ணோக்கியில் வித்துக்களை எண்ண வேண்டும். அதற்கு வயதான, வெளியே மேயும் தேனீக்கள் தேவை. இளசுகளிடம் தேடினால் குறைவாகவே தெரியும். உண்ணிக்கும் நோசிமா வித்துக்கும் எழுபது சதவீத ஆல்கஹால் போதும். வைரஸின் ஆர்.என்.ஏ.வுக்குப் போதாது. பிடித்த கணத்திலிருந்து உலர்பனி, பிறகு மைனஸ் எண்பது டிகிரி உறைகுளிர். கொடிமலையிலிருந்து மிண்டனில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகம் வரை வரும் வழியில் ஒரு போக்குவரத்து நெரிசல் போதும், பனிப்பெட்டி இல்லாத மாதிரி வீணாக.

எத்தனை எடுப்பது? நூறில் ஐந்து தேனீக்களுக்கு நோய் இருக்குமானால், அதில் ஒன்றையாவது பிடிப்போம் என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல 59 தேனீக்கள் வேண்டும். நூறில் ஒன்றுதான் என்றால் 299. இந்தக் கணக்கு, ஒவ்வொரு தேனீயும் மற்றதற்குத் தொடர்பில்லாதது என்ற நிபந்தனையின் மேல் நிற்கிறது. ஒரே கூட்டிலிருந்து 59 எடுத்தவர் அந்த ஒரு கூட்டைப் பற்றித்தான் பேசலாம். தீவைப் பற்றிப் பேச முடியாது. ஒரு குடும்பத்தில் அறுபது பேரைச் சோதித்துவிட்டு ஊருக்கே காய்ச்சல் இல்லை என்று சொல்வதைப் போன்றது அது.

இத்தனையையும் கொல்வது தகுமா என்ற கேள்வி நியாயமானது. தொடர்ந்து மாதிரி எடுத்த இடங்களில் தேனீக்களின் எண்ணிக்கையோ இன வகையோ குறையவில்லை என்று அமெரிக்க ஆய்வொன்று 2015இல் காட்டியது. குளிர்நாட்டுப் புல்வெளியில் கிடைத்த அந்த முடிவை, அரிய இனம் வாழும் மழைக்காட்டுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. கொல்லாமல் எடுக்கும் வழி உண்டா என்று தேடுவதே நல்லது.

அப்படி ஒரு வழி இந்த ஊரில் கார் வைத்திருப்பவர் பலருக்குத் தெரியும். மலைத்தேனீக்கள் கூட்டமாக எழும்பி ஒரே நேரத்தில் மலம் கழிக்கும். மரத்தடியில் நிறுத்திய காரின் மேல் மஞ்சள் புள்ளிகள் தெறித்திருக்கும். 1981இல் அமெரிக்க வெளியுறவுச் செயலர் அலெக்சாண்டர் ஹெய்க், தென்கிழக்காசியாவில் பொழிந்த ‘மஞ்சள் மழை’ சோவியத் ஆதரவு நச்சு ஆயுதம் என்று குற்றம் சாட்டினார். அந்தத் துளிகளில் மகரந்தம் நிறைந்திருப்பதையும், அவை தேனீ எச்சம் என்பதையும் மெசல்சன், சீலி முதலிய அறிவியலாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். மலேசிய ஆய்வாளர் மக்சிர் மர்டானும் கெவனும் 1989இல் இதைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். நோசிமா வித்துக்கள் வெளியேறுவது எச்சத்தின் வழியாகத்தான். மரத்தடியில் விரித்த ஒரு வெள்ளைத் துணி, ஒரு தேனீயையும் தொடாமல் கூட்டின் குடலைப் பற்றிச் சொல்லக்கூடும். நச்சு ஆயுதமாகப் பார்க்கப்பட்டது காட்டின் மருத்துவப் பரிசோதனைக் குப்பியாகிறது.

மார்த்தாண்டம் சொன்ன பாடம்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பு வீட்டுத் தொழில். 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஊரகச் சீரமைப்பு நிலையத்தை ஸ்பென்சர் ஹாட்ச் அங்கே நடத்தினார். ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது தேனும் பெருகியது. வளர்க்கப்பட்டது அடுக்குத்தேனீ. 1991-92இல் பெட்டியைத் திறந்தவர்கள் அறைகளுக்குள் புழுக்கள் தலை தூக்கி விறைத்திருப்பதைக் கண்டார்கள். இடுக்கியால் தூக்கினால் தண்ணீர் கோத்த பைபோலத் தொங்கும். தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் அது. 1976இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்டது, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவின் தெற்கு முனைக்கு வந்துவிட்டது. தென்னிந்தியாவில் பத்தில் ஒன்பது பெட்டிகள் வரை காலியாயின.

அடுக்குத்தேனீயைப் பெட்டிக்குக் கொண்டுவந்தது பொந்திலிருந்து. பெட்டியிலிருந்து அது பொந்துக்குத் திரும்பவும் செய்யும். அப்படியானால், நோய் வருமுன் காட்டுக் கூடுகளில் இந்த வைரஸ் அடங்கி இருந்ததா, புதிதாக வந்ததா? பிழைத்த கூடுகள் எதனால் பிழைத்தன? இவற்றுக்கு விடை 1991இல் எடுத்த மாதிரியில் இருக்காது. 1980இல் நலமாக இருந்த காட்டுக் கூட்டிலிருந்து எடுத்துப் பாதுகாத்த மாதிரியில்தான் இருக்க முடியும். ஆனால் நலமாக இருக்கும் கூட்டை யார் திறந்து பார்ப்பார்?

இன்று கெலுலுட் அந்த நிலையில் இருக்கிறது. கூடு கட்டிய மரத்துண்டை அறுத்து, மேலே பெட்டி பொருத்தி, தோட்டம்தோறும் வைக்கிறார்கள். மலேசியா 2017இல் கெலுலுட் தேனுக்கென்று தரநிர்ணயமே வெளியிட்டது. கூடுகள் கைமாறும் வேகத்தில் கூட்டுவண்டும் ஈப்புழுவும் கைமாறும். ஐரோப்பியத் தேனீயிடமிருந்து கொடுக்கில்லாத் தேனீக்கு நோசிமா தாவி ஆயுளைக் குறைப்பதை 2019இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. சிறகு சுருங்கும் வைரஸும் நோசிமாவும் காட்டு வண்டுத்தேனீக்களிடம் பரவியிருப்பதை 2014இல் பிரிட்டனில் கண்டார்கள். தாவுமிடம் பூ. ஒருவர் எச்சில்பட்ட குவளையில் அடுத்தவர் குடிப்பதுபோல.

கண்டதும் நோயா?

பி.சி.ஆர். சோதனை ஒரு வைரஸ் துணுக்கையும் விடாது. அதுவே அதன் பலவீனம். காலில் ஒட்டிய மகரந்தத்தில் வைரஸ் இருந்தாலும் ‘உண்டு’ என்றுதான் வரும். அந்த வைரஸ் உடம்புக்குள் பெருகுகிறதா என்று அறிய, பெருகும்போது மட்டும் உருவாகும் எதிர்இழையைத் தேட வேண்டும். அதற்குப் பிறகும், பெருகுவதால் தேனீ நலிகிறதா என்பது தனிக் கேள்வி. நோயில்லாத உயிர் காட்டில் இல்லை. சுமையோடு வாழத் தெரிந்த உயிர்கள்தான் உண்டு. காட்டுத் தேனீயிடம் ஒட்டுண்ணி கண்டதும் அபாயச் சங்கு ஊதுவதும், காணாததும் நலம் என்று எழுதுவதும் ஒரே தவறின் இரு முகங்கள்.

சட்டமும் இடையில் நிற்கிறது. உயிர்வளங்களை அணுகுவதற்கும் பலனைப் பகிர்வதற்குமான மலேசியச் சட்டம் 2017இல் நிறைவேறி 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒரு குப்பித் தேனீயை ஆய்வுக்கு எடுக்கவும் அனுமதி வேண்டும். வெளிநாட்டு ஆய்வகத்துக்கு மாதிரியை அள்ளிக்கொண்டு போய், பெயரும் புகழும் அங்கேயே தங்கிவிட்ட பழைய வழக்கத்துக்கு இது கடிவாளம். அதோடு, மாதிரிகள் இங்கேயே தங்கினால் அடுத்த தலைமுறை ஆய்வாளர் அவற்றை மீண்டும் திறந்து பார்க்கலாம்.

பினாங்குக்கு இன்று கிடைத்திருக்கும் வாய்ப்பு, கூடுகள் இன்னும் நலமாக இருப்பதுதான். ஆண்டுக்கு இரண்டு பருவம், கடைவீட்டுக் கூரை, பாலிக் புலாவ் பழத்தோட்டம், கொடிமலைக் காடு என்று அதே இடங்கள், கூட்டுக்குச் சில தேனீக்கள், ஒவ்வொன்றும் தனிக் குப்பியில். செலவு பெரிதில்லை, பொறுமைதான் பெரிது. நோய் வந்த பிறகு ஓடிப்போய் எடுப்பதைவிட ஒன்றும் ஆகாத வருடத்தில் எடுத்து உறைகுளிரில் வைத்த குப்பிக்கே மதிப்பு அதிகம்.

ஜேக்கப்சன் ஜாவாவில் எடுத்த உண்ணிக்கு எந்தத் தேனீயின் கூடு, எந்த ஊர் என்ற குறிப்பு கூடவே இருந்தது. அதனால்தான் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் கழித்து, உலகம் தன் தவற்றைத் திருத்திக்கொள்ள எங்கே திரும்பிப் போக வேண்டும் என்று தெரிந்தது. ஐந்தடிப் பாதையில் விழுந்த தேனீக்கும் அதுவே விதி. ஒரு குப்பியும் ஒரு துண்டுச்சீட்டும் இருந்தால் போதும்: தேதி, தெரு, விளக்கடியில் கிடைத்தது, உயிர் இருந்தது அல்லது இல்லை. சீட்டு இல்லாவிட்டால் துடைப்பத்தையே தொடர விடலாம்.